பவுடர் போட்டுப் பார்த்த வீல்

என் கடைக்குள் நுழைந்தால் எதிர்ச் சுவரில் ஒரு கார் வீல் தொங்கும். டயர் இல்லாத வெறும் அலாய் வீல். முக்கால்வாசி தங்க நிறம், நேற்று அடித்த மாதிரி பளபளவென்று இருக்கும். மீதி இடத்தில் பெயிண்ட் உரிந்து உள்ளே இருக்கிற உலோகம் சாம்பலாகத் தெரியும். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் ஐந்து கைகளில் ஒன்றின் அடிப்பக்கம், அந்தச் சாம்பல் இடத்தில், தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடும். கோட்டைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரில் ஒரு வட்டம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "ஏம்மா, பெயிண்ட் அடிக்கிற கடையில பெயிண்ட் போன வீல மாட்டி வச்சிருக்கீங்களே?" நான் சிரித்து மழுப்பிவிடுவேன். பல வருடங்கள் அப்படி மழுப்பியாகிவிட்டது. இனிமேல் மழுப்புவதாக இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பு வட்டம் என் அண்ணி போட்டது. அண்ணி என்றாலும் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். நேரில் வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வோம், அதனால் இங்கேயும் அவள் என்றே எழுதுகிறேன். சிதம்பரத்துக்காரரான என் அண்ணன் கடலூரில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தபோது பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தவள். கடலூர் முதுநகரில் மாதா கோயில் மணிக்கு எழுந்து கோயில் மணிக்குப் படுக்கிற வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அவள் அப்பா துறைமுகத்தில் போட் என்ஜின் மெக்கானிக். எங்கள் அம்மா ஒரு வருடம் அவளை வாசற்படி ஏற்றவில்லை. பிறகு ஏற்றிக்கொண்டாள், ஆனால் மனசார இல்லை. எனக்கு அண்ணியை முதல் நாளே பிடித்துவிட்டது. வந்த அன்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதும், "ஒங்க அம்மாவுக்கு கழுத்து சுளுக்கா?" என்று என் காதில் கேட்டவள் அவள்.

அண்ணன் சிதம்பரம் பைபாஸ் ஓரம் டயர் கடை போட்டார். பக்கத்தில் காலியாகக் கிடந்த அறையில் வீலுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையை ஆரம்பித்தது நாங்கள் இரண்டு பேர். அப்போது ஊரில் கார்கள் பெருகிக்கொண்டிருந்த நேரம். கம்பெனியில் கொடுக்கிற வீலைக் கழற்றிப்போட்டுவிட்டுச் சென்னையில் இருந்து அலாய் வீல் வாங்கி மாட்டுவார்கள். இரண்டு வருடத்தில் வெள்ளி நிறம் சலித்துவிடும். கருப்பாக்கிக் கொடு, தாமிரக் கலர் அடி, தங்கமாக்கு என்று வருவார்கள். எல்லாம் அழகுக்குத்தான். அழகுக்குச் செலவு பண்ணுகிறவனைப் பார்த்து ஏளனம் பேசுகிறவர்களிடம் எனக்குச் சண்டை பிடிக்க நேரமில்லை. கல்யாண மண்டப வாசலில் வாழைமரம் கட்டுவதும் அழகுக்குத்தான், அதை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பொம்பளைகளுக்கு டயர் கடையில் என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. "வேலைதான் வேல" என்று அண்ணி ஒரு வரியில் முடித்துவிடுவாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பழைய பெயிண்டை ரிமூவர் போட்டு உரிப்பது, தண்ணீர் விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பிளாட்பாரத்தில் உரசிய இடங்களைப் பட்டி வைத்துச் சமன் செய்வது எல்லாம் அண்ணி. ஸ்ப்ரே கன் என் கையில். அதற்குக் காரணம் இருந்தது. அண்ணி பெயிண்ட் அடித்தால் வழியும். எத்தனை தடவை அடித்துப் பார்த்தாலும் எங்காவது ஒரு இடத்தில் சொட்டு இறங்கி உறைந்து நிற்கும். பொறுமை இல்லாத கை. "ஒனக்கு மட்டும் எப்பிடிடி கண்ணாடி கணக்கா வருது?" என்று என்னைத் திட்டுவாள். அடித்து முடித்த வீல்களைச் சூட்டில் காய வைக்க வேண்டும். அதற்கு அடுப்பு வாங்க வழியில்லை. அண்ணிக்கு அவள் வீட்டில் சீராகக் கொடுத்த இரும்பு பீரோ இருந்தது. ஒரு நாள் காலை அதிலிருந்த புடவைகளை எல்லாம் எடுத்து அட்டைப் பெட்டியில் அடைத்தாள். தட்டுகளைக் கழற்றினாள். உள்ளே கம்பி கட்டி, பெரிய பல்புகளை மாட்டி, பீரோவைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டாள். சீர் பீரோவில் சக்கரத்தைத் தொங்கவிடுகிறாளே என்று அம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "பீரோ எனக்குத்தான அத்த குடுத்தாங்க? நான் எத வேணா தொங்க விடுவேன்" என்றாள் அண்ணி. பீரோக் கதவில் ஆள் உயரக் கண்ணாடி அப்படியே இருந்தது. வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் நேரத்தில் அதில் தலை சீவிக்கொள்வார்கள்.

இன்னொரு வழக்கமும் அண்ணி கொண்டுவந்தது. பெயிண்டை உரித்ததும் வெறும் வீல் முழுக்க மண்ணெண்ணெய் தடவுவாள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைப்பாள். பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடரை மேலே தூவி ஊதுவாள். விரிசல் இருந்தால் அதற்குள் போயிருந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பவுடரில் ஈரக் கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் அதில் தப்பாது. அவள் அப்பா போட்டுக்கு அடியில் சுற்றுகிற புரொப்பெல்லர் இலைகளை இப்படித்தான் சாக்கட்டித் தூள் போட்டுப் பார்ப்பாராம். "நடுக்கடல்ல எல ஒடஞ்சா எவன் கரைக்கு வருவான்னு எங்கப்பா கேப்பாரு. ரோட்டுக்கும் அதே கேள்விதான்" என்பாள். விரிசல் தெரிந்தால் சிவப்பு வட்டம். வட்டம் போட்ட வீலுக்கு எங்கள் கடையில் பெயிண்ட் கிடையாது. யார் வந்து கெஞ்சினாலும் கிடையாது. இதைப் பார்த்துவிட்டு எதிர்வரிசைக் கடைக்காரர்கள் எங்களுக்கு 'பவுடர் கடை' என்று பேர் வைத்தார்கள். வீலுக்குப் பவுடர் போட்டுப் பொட்டு வைக்கிறாளுங்க என்று சிரிப்பு. சிரிக்கட்டும் என்று அண்ணி அந்தப் பேரையே ஒரு பலகையில் எழுதி மாட்டினாள்.

2009இல் எனக்கு வரன் வந்தது. சிதம்பரத்திலேயே, கோயிலுக்குப் பக்கத்து வீதியில் ஜவுளி வியாபாரம் செய்கிற குடும்பம். மாப்பிள்ளை நன்றாக இருந்தார், சிரித்துப் பேசினார், எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொல்வதில் எனக்கென்ன வெட்கம். நிச்சயம் பண்ணும்போது அவர் அம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது அண்ணி முறை. அந்த இடத்தில் வேதக்கார மருமகள் வேண்டாம், வேறு யாராவது பங்காளி வீட்டுப் பெண் வரட்டும் என்றார். அம்மா உடனே தலையாட்டினாள். அண்ணன் தரையைப் பார்த்தார். அண்ணி, "அதுக்கென்னா, நான் பந்தியில நின்னு பாயசம் ஊத்துறேன்" என்று சிரித்தாள். கல்யாணம் நின்றுவிடக்கூடாது என்ற பயம் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

கல்யாணத்துக்கென்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு பழைய கார் வாங்கினார்கள். நாலு சக்கரத்திலும் வெளியே வாங்கிப் போட்ட அலாய் வீல். அதைத் தங்க நிறமாக மாற்றித் தரச் சொல்லி எங்களிடமே அனுப்பினார்கள். மருமகளாக வரப்போகிறவள் கை வேலை என்று அதில் அவர்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. மூன்று வீல் சுத்தமாக இருந்தது. நாலாவதில் பவுடர் தூவியதும் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. அண்ணி மார்க்கரை எடுத்து வட்டம் போட்டாள். இந்த ஒரு வீலை மட்டும் மாற்றிவிடச் சொல்லி அண்ணன் போய்ச் சொன்னார். மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா கடைக்கே வந்துவிட்டார். நல்ல காரியத்துக்கு வாங்கின வண்டியை உடைந்த வண்டி என்று சொல்வது என்ன நாக்கு என்று கத்தினார்.

"கோடு மாதிரி ஏதோ இருக்குதாம். பட்டி வச்சி மேல அடிச்சா எவனுக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"எனக்குத் தெரியுமே மாமா" என்றாள் அண்ணி.

பணிவாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு இன்னும் ஏறியது. திங்கட்கிழமைக்குள் நாலு வீலும் தங்கமாக வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு பேச்சு பேச வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வேறு பேச்சு என்னவென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மா அன்று முழுக்க அண்ணியைப் பிடித்துப் பிடுங்கினாள். "என் பொண்ணு வாழ்க்கையில மண்ணு அள்ளிப் போடத்தான் வந்தியா?" என்று கேட்டாள். மறுநாள் பெரிய வியாழன். ஈஸ்டர் முடித்துவிட்டு வருகிறேன் என்று அண்ணி கடலூர் போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்த்து, "அந்த வண்டியில நீதானடி ஒக்காரப் போற" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் நான் கடையைத் திறந்தேன். நாலாவது வீலை எடுத்து வைத்துக்கொண்டு சிவப்பு வட்டத்தை தின்னர் போட்டுத் துடைத்தேன். மேலாகப் பட்டி இழுத்தேன், தேய்த்தேன், பிரைமர் அடித்தேன், தங்கம் அடித்தேன், மேலே பளபளப்புக்கு லேக்கர் அடித்தேன். மற்ற மூன்றுக்கும் அதே மாதிரி அடித்து, நாலையும் பீரோவில் தொங்கவிட்டேன். கதவைச் சாத்தியபோது கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். யாரும் என்னை அடிக்கச் சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தும் பார்க்காத மாதிரி டயரை மாட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கே அவர்கள் அந்த வண்டியில் பெண்ணாடம் வரை போய் உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை அண்ணி வந்தாள். கையில் ஈஸ்டர் கேக் வைத்த தூக்குப் பாத்திரம். வீல்கள் இருந்த மூலையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். அவள் மண்ணெண்ணெய் பாட்டிலையும் ரிமூவர் டப்பாவையும் ஒரு பையில் போட்டாள். பவுடர் டப்பாவை என் கையில் திணித்தாள். "வண்டியில ஏறு" என்றாள். அவளுடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனேன். ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல் போட மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கார் ஓரமாக நின்றது. நாலு தங்கச் சக்கரத்திலும் சந்தனம், குங்குமம். அண்ணி மொபெட்டை நிறுத்திவிட்டுக் காரைச் சுற்றி வந்தாள். நாலும் ஒரே மாதிரி இருந்தன. அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை, அத்தனை நேர்த்தியாக அடித்திருந்தேன். என் பக்கம் திரும்பி, "எது?" என்றாள். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வெளியே வந்துவிட்டார்கள், பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் வேறு ஒரு வீலைக் காட்டியிருக்கலாம். அண்ணி பெயிண்டை உரித்துப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் அசிங்கப்பட்டுப் போயிருப்பாள். கல்யாணம் நடந்திருக்கும். அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இடது பக்கம் முன் சக்கரத்தைக் காட்டினேன்.

அண்ணி குந்தி உட்கார்ந்து சந்தனத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். ரிமூவரைத் தடவினாள். "ஐயோ, நல்ல காரியத்துக்கு வச்ச குங்குமத்தை அழிக்கிறாளே" என்று மாப்பிள்ளையின் அம்மா கத்திய கத்தலில் தெரு கூடிவிட்டது. பெயிண்ட் பொங்கி எழும்ப எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். அவள் மதத்தைச் சொன்னார்கள், ஊரைச் சொன்னார்கள், அவள் அப்பாவையும் விடவில்லை. அண்ணி சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பிளேடால் வழித்தாள், மண்ணெண்ணெய் விட்டாள், பொறுத்திருந்து துடைத்தாள். கையை நீட்டினாள். பவுடர் டப்பாவைக் கொடுத்தேன். தூவி ஊதினாள். முதலில் வெள்ளையாக மட்டும் இருந்தது. "எங்கடி விரிசல்?" என்று யாரோ சிரித்தார்கள். அப்புறம் மெதுவாகக் கோடு எழும்பியது. கடையில் பார்த்தபோது ஒரு விரல் நீளம். இப்போது ஒன்றரை விரல். பெண்ணாடம் போய் வந்ததில் வளர்ந்திருந்தது.

"வளந்துடுச்சி பாருங்க" என்றாள் அண்ணி.

மாப்பிள்ளை குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "ஆமாம்ப்பா, கோடு தெரியுது" என்றார். அவர் அப்பா, "நீ உள்ள போடா" என்றார். அவர் உள்ளே போனார். திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். அந்தக் கல்யாணம் என் மனசுக்குள் நின்றுபோனது அப்போதுதான். ஒரு சொல்லுக்கு உள்ளே போகிறவரோடு நான் வெளியே எங்கே போவது?

பெரியவர் இப்போது வேறு பக்கம் திரும்பினார். "சரி, விரிசல் இருக்கு. தெரிஞ்சே பூசி மறச்சிக் குடுத்தது யாரு? எங்க குடும்பத்தையே கொல்லப் பாத்தது யாரு?" என்று கேட்டார். பூசச் சொன்னவரே அவர்தான். ஆனால் தெரு அதை அறியாது. நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை ஓங்கி மிதித்தாள்.

"நான்தான்" என்றாள்.

அண்ணிக்கு அப்படி ஒரு வேலை வராது. மீதிச் சக்கரத்தில் ஒரு சொட்டு வழிந்திருக்கவில்லை, எங்கள் கடையைத் தெரிந்தவர்கள் யார் பார்த்தாலும் அது யார் கை என்று சொல்லிவிடுவார்கள். அங்கே அப்படித் தெரிந்தவர் யாரும் இல்லை. இவள் இனி எங்கள் கண்ணில் படாமல் இருந்தால்தான் கல்யாணம் என்றார் பெரியவர். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. "நான் இந்த வண்டியில ஏற மாட்டேன். இந்த வூட்டுக்கும் வர மாட்டேன்" என்றேன். தெருவே கேட்கச் சொன்னேன். பவுடர் டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் ஏறினேன்.

வழியில் அழுகையாக வந்தது. "நான் செஞ்சத நான் சொல்லக் கூடாதா? ஏன் மிதிச்ச?" என்று கேட்டேன். "ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆவணும். ஏமாத்துக்காரின்னு பேரு வாங்கிட்டா எவன் வருவான்? எனக்கு ஆயிடுச்சி, எனக்கு என்னா போவப் போவுது?" என்றாள், ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே.

போனது. நிறையவே போனது. உடைந்த வீலைப் பூசி ஏமாற்றுகிறவள் என்று சிதம்பரம் முழுக்க அவள் பேர் நாறியது. எந்த ஒன்றை உயிரே போனாலும் செய்ய மாட்டேன் என்று இருந்தாளோ, அந்த ஒன்றுக்காகவே கெட்ட பேர் வாங்கினாள். ஒரு வருடம் கடைக்குக் கூட்டம் இல்லை. பவுடர் கடைப் பலகையில் யாரோ தார் பூசினார்கள். அவள் தாரைச் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினாள். அந்தத் தெருச் சண்டை நடந்த இரண்டாவது வாரமே ஒரு ஆட்டோவில் அந்த வீல் மட்டும் எங்கள் கடைக்கு வந்திருந்தது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதாவது சத்தமில்லாமல் வேறு வீல் வாங்கி மாட்டிவிட்டார்கள். அண்ணி பழைய இடத்திலேயே வட்டம் போட்டு அதைச் சுவரில் மாட்டினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் நின்றாள். மறுநாள் காலையில் அண்ணிக்கு முதல் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குமேல் அம்மாவுக்கு வராது.

2012இல் அண்ணனும் அண்ணியும் முதுநகரில் இன்னொரு கடை போட்டுப் போனார்கள். சிதம்பரம் கடை எனக்கு. பீரோவும் எனக்கு. அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆனதா என்று கேட்பீர்கள். ஆனது, அண்ணிதான் என் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவந்தாள். அது வேண்டாம் என்று ஒருத்தராவது சொல்லட்டும் பார்ப்போம் என்று அன்று தலை நிமிர்ந்து நடந்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

போன வாரம் ஒருவர் நாலு வீல் கொண்டுவந்தார். கருப்பாக்க வேண்டும். ஒன்றில் பவுடர் கோடு காட்டியது. வட்டம் போட்டேன். "பட்டி வச்சி அடிச்சிடுங்கக்கா, யாருக்குத் தெரியும்?" என்றார். சுவரைக் காட்டினேன். எழுந்துபோய்க் கிட்டத்தில் பார்த்தார். "விரிசல் மேலயே அடிச்சிருக்காங்க! யாருங்க அந்தப் படுபாவி?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் போனதும் அண்ணிக்கு போன் போட்டுச் சொன்னேன். இப்படி எழுதப்போவதையும் சொன்னேன். "லூசாடி நீ? இத்தினி வருசம் கழிச்சி எவன் கேட்டான்?" என்று கத்தினாள். "எவனும் கேக்கல. நானா சொல்றேன். இப்ப நீ என் கால மிதிக்க முடியாது" என்றேன். பிறகு, "பெயிண்ட்டு இன்னும் நிக்குதா?" என்று கேட்டாள்.

நிமிர்ந்து பார்த்தேன். நிற்கிறது அண்ணி. அன்று அந்த மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் உன் பேரைக் கெடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கடைக்கு வந்து அந்தத் தங்கத்தை ஒரு தடவை கிட்டத்தில் பார்க்கட்டும். ஒரு இடத்தில்கூட வழியவில்லை. அது என் கை.